கண்ணாடிக் குழாய் கொடுத்த போர்வை

தவமணி ஆசையாய் எறும்பு வளர்த்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. ஈரமும் இடமுமாய் ஒரு புதுக் கண்ணாடி வீட்டை அவள் பக்கத்தில் ஒட்டிவைத்தும் ராணி எறும்பு அசையவில்லை.

"என் பிள்ளைங்க பொறந்த எடம் இது. வரமாட்டேன்!"

குழாய் தன்மேல் கிடந்த கறுப்புத் துணியைக் கூப்பிட்டது. "நீ போய் அந்த வீட்டை மூடு. எறும்புக்கு இருட்டுதான் வீடு."

"உன் மேல வெளிச்சம் அடிக்குமே?"

"அடிக்கட்டும்."

துணி நகர்ந்தது. பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்ததும் எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு புது வீட்டு இருட்டுக்குள் ஓடின. கடைசியாகப் போன ராணி வாசலில் திரும்பி நின்றாள்.

"நீயா இப்படி மாறிட்டே?"

ஒரு வார்த்தை சமாதானம் சொன்னாலும் திரும்பி வந்துவிடுவாள் என்று குழாய் வாயே திறக்கவில்லை.