விளம்பரத்தில் இல்லாத படம்

“செத்தவங்களை வெச்சா சம்பாதிக்கப் போறீங்க?”

பதினோராம் வகுப்பு அடங்கிப்போயிற்று. வணிகவியல் ஆசிரியை சிசிலியா கையிலிருந்த விளம்பரத் தாளை உயர்த்திப் பிடித்தார்.

மாணவர்கள் தாமே ஒரு தொழிலைத் தொடங்கிக் காட்ட வேண்டும். ஆசிரியை கையெழுத்திட்டால் பள்ளி முதலீடு தரும். ஜெரால்டும் ஜெனியும் கொண்டுவந்த தொழில் இது: பெற்றோரைத் தில்லியில் புதைத்துவிட்டு அயல்நாடுகளில் வாழ்வோருக்காக அக்கல்லறைகளைத் துப்புரவு செய்து, மெழுகுவர்த்தி ஏற்றி, படம் எடுத்து அனுப்புவது.

“அவங்களால வர முடியல மேம், எங்களால முடியும். ஏழு ஆர்டர் வந்தாச்சு,” என்றான் ஜெரால்டு.

“பெத்தவங்க கல்லறைக்குக் கூலி ஆள் வெக்கிறவன் ஒரு பிள்ளையா? எங்கப்பா மரியதாஸ் கரோல் பாக் நடைபாதையில ஒரு பலகை போட்டு, பேனா வித்து…”

அந்தக் கதையை வகுப்பே மனப்பாடமாக அறியும். கடைசி வரிசையில் ஒருத்தி ஓசையின்றிக் கூடவே உதடசைத்தாள்.

சிசிலியா தாளைத் திருப்பிக் காட்டினார். உடைந்த சிலுவை முனையும் ஒரு சுடரும் மட்டும் அதில் இருந்தன.

“‘பின்பு’ன்னு படம் போட்டிருக்கு. ‘முன்பு’ எங்கே? அழுக்கைக் காட்டாம உங்க சுத்தத்தை யார் நம்புவா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

“அது… இல்ல மேம்.”

“அப்ப பாதி மார்க்கும் இல்ல. சனிக்கிழமை நானே வந்து பாக்கறேன். பித்தலாட்டம்னு தெரிஞ்சா கையெழுத்து கிடையாது. எந்தக் கல்லறைத் தோட்டம்?”

ஜெனி சொன்னாள். “அங்கேயா?” என்ற சிசிலியா தாளை மடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. மூடுபனி தோட்டத்தையே விழுங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் கல் தெரியவில்லை; சிலுவைகளின் சாயல்கள் மட்டும் கைவிரித்து நின்றன. எங்கோ கருங்கல்லை நகத்தால் சுரண்டுவது போன்ற ஓசை.

“ஜெனி?”

ஓசை நின்றது. மூலையில், தரையையொட்டி, ஒற்றைச் சுடர் அசைந்தது.

அவர் அதை நோக்கி நடந்தார்.

“உதர் கோயி நஹி ஆத்தா, மேடம்ஜி,” என்றது முதுகுக்குப் பின்னால் காவலாளியின் குரல். “அந்த மூலைக்கு யாரும் வர்றதில்ல. வருஷக்கணக்கா.”

“அப்ப விளக்கு ஏத்தினது யாரு?”

திரும்பினார். வெறும் பனிதான் நின்றது.

இன்னும் நான்கடி. வெண்திரையிலிருந்து கம்பித் தூரிகையும் கையுமாக ஒரு உருவம் குறுக்கே வந்தது. ஜெரால்டு. அவனுக்குப் பின்னால் ஜெனி.

“இங்க வேணாம் மேம். ஆர்டர் எல்லாம் அந்தப் பக்கம்.”

“அப்ப இது?”

“ஆர்டர் இல்ல. நாங்களாப் பண்ணினது.”

“விளம்பரத்துல இருக்கிறது இதேதான்! அதே உடைஞ்ச முனை. ஆர்டரே இல்லாததைக் காட்டி ஊரை ஏமாத்தறீங்களா? ‘முன்பு’ படம் போன்ல இருக்கும். எடு.”

“வேணாம் மேம், ப்ளீஸ்…”

“எடுடா!”

ஜெரால்டு கைப்பேசியை நீட்டினான்.

இடுப்பளவு எருக்கு. நாய் படுத்த பள்ளம். நடுவே சாய்ந்த கல்லில், பாசிக்கு அடியில், எழுத்துகள். சிசிலியா விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்.

மரியதாஸ், கரோல் பாக்.

ஜெனி மெல்லச் சொன்னாள்: “வகுப்புல காட்டியிருந்தா எல்லாரும் பேரைப் படிச்சிருப்பாங்க மேம். அதான், மார்க் போனாப் போகட்டும்னு விட்டுட்டோம்.”