மீசை இல்லாத கோல்கீப்பர்

“வர்றார் பாருங்க, உங்க பூதக்கண்ணாடி” என்றாள் மனைவி, கல்லாவை விட்டு எழுந்திருக்காமல்.

கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார்.

பழைய விளையாட்டு வீரர் அட்டைகள் விற்கிற அந்தச் சின்னக் கடைக்கு அவர் வருவது முதல் தடவையல்ல. வருவார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுப்பார். டப்பா டப்பாவாக அட்டைகளைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசியில் ஒன்றும் வாங்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். வாங்கவும் மாட்டார், வராமல் இருக்கவும் மாட்டார்.

“குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பொறந்த மனுஷன்” என்று பல்லைக் கடித்தார் கடைக்காரர். இன்றைக்குப் பயப்படக் காரணமும் இருந்தது.

காலையில்தான் ஒரு பழைய கோல்கீப்பர் அட்டையைச் சரி பண்ணி முடித்திருந்தார். நாலு முனையும் மழுங்காமல், எங்கேயும் மடிப்பு விழாமல், படம் நட்ட நடுவில் அச்சான அட்டை. அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். ஒரே குறை, யாரோ ஒரு வாண்டு கோல்கீப்பருக்குப் பென்சிலால் முறுக்கு மீசை வரைந்து வைத்திருந்தது.

“இருந்துட்டுப் போகட்டுமே, நல்லாத்தானே இருக்கு” என்று சிரித்தாள் மனைவி.

“உனக்கு நல்லாருக்கும். வாங்கறவன் பாதி விலைக்குக் கேப்பான்.”

ரப்பரை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தேய்த்து மீசையை எடுத்துவிட்டார். அழித்த அட்டை என்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இவர் ‘சுத்தமான அட்டை’ என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

பூதக்கண்ணாடி நேராக அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“இதைக் கொஞ்சம் எடுங்க.”

எடுக்க மாட்டேன் என்றா சொல்ல முடியும்? எடுத்துக் கொடுத்தார்.

வழக்கமாக எல்லாரும் முதலில் பார்க்கிற முனைகளை அவர் பார்க்கவே இல்லை. ஓரங்களையும் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பிடித்து, கோல்கீப்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூக்குக்குக் கீழ மட்டும் பளபளப்பு கம்மியா இருக்கே?”

“பழைய அட்டை சார். அச்சே அப்படித்தான்.”

“பென்சில் கோடு ஏதாவது இருந்துச்சா?”

அழித்ததை மறைத்து விற்கிறான் என்று ஒரு பேச்சு வெளியே போனால் போதும், அட்டை சேர்க்கிறவர்கள் ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டார்கள். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? வந்தது வந்தபடி இருக்கு.”

“மீசை மாதிரி ஏதாவது? இருந்திருந்தா சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன்.”

இப்படி நைசாகப் பேசி வாயைப் பிடுங்குகிற ஆட்களைக் கடைக்காரர் நிறையப் பார்த்தாயிற்று.

“என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன். இதுல மீசையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

கல்லாவில் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். அவர் கண்ணாலேயே அவளை அடக்கினார்.

பூதக்கண்ணாடியின் முகம் தொங்கிப் போனது. அட்டையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று கடைக்காரருக்கு மூச்சு வந்தது.

“அப்ப இது இல்ல” என்றார் அவர்.

“எது சார் இல்ல?”

“என் பையன் போட்டது. சின்னப் பையனா இருக்கறப்ப, நான் சேர்த்து வெச்ச அட்டை அத்தனைக்கும் பென்சிலால மீசை போட்டுட்டான். இந்த கோல்கீப்பரும் அதுல உண்டு. மதிப்பே போச்சேன்னு அவனை அடிச்சேன். ஆத்திரம் அடங்காம, மொத்தத்தையும் எடைக்குப் போட்டேன்.”

லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“போன வருஷம் அவன் தவறிட்டான். அவன் போட்ட மீசை ஒண்ணாவது கெடைக்காதான்னு வீட்ல அவ கேட்டுக்கிட்டே இருக்கா. அதான் கடை கடையா ஏறி இறங்கறேன்.”

கடைக்காரர் வாயைத் திறந்தார். மகள் மேல் வைத்த சத்தியம் குறுக்கே நின்றது. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் மூடிக்கொண்டது.

“உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார் பூதக்கண்ணாடி.

மனைவி எழுந்து வந்தாள். காலையில் ஊதித் தள்ளிய ரப்பர் தூள் மேஜை ஓரத்தில் அப்படியே கிடந்தது. அதை உள்ளங்கையில் வழித்து எடுத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

“இதைக் குப்பையில போட்டுடவா, இல்ல அவரைக் கூப்பிட்டுக் கையில குடுத்துடவா?”