சுண்டைத் தண்டில் கத்தரி

வேலியோரத்துச் சுண்டைச் செடி “அண்ணே” என்று கூப்பிட்டாலே கத்தரிக்குப் பற்றிக்கொண்டு வரும். பூ ஒரே சாடையில் இருந்தால் சொந்தமாகிவிடுமா? உடம்பெல்லாம் முள், காயெல்லாம் கசப்பு. ஆளைப் பார்.

அந்த மழைக்கு வாடல் நோய் வந்து, பாத்தியிலிருந்த கத்தரிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தோட்டக்காரர் இந்தக் கத்தரியில் மிஞ்சியிருந்த நல்ல கொழுந்தை அறுத்தெடுத்தார். சுண்டையின் தலையை வெட்டிவிட்டு, அதன் தண்டில் கொழுந்தைச் செருகிக் கட்டினார். ஒட்டு பிடித்துக்கொண்டது. கத்தரி மறுபடியும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

“உங்க ஆளுங்க அத்தனை பேரும் போய்ட்டாங்களே, நீங்க மட்டும் எப்படிப் பொழைச்சீங்க?” என்று பக்கத்து வெண்டை கேட்டது.

“எங்க வம்சத்துக்கு வேர் ரொம்ப உறுதி” என்றது கத்தரி.

அடித்தண்டிலிருந்து ஒரு முள் துளிர் எட்டிப் பார்த்தது.

“ஆமாண்ணே.”