உவமைக்கு ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்காவின் கான்சாஸில் மதியம் இரண்டு மணிக்கே வகுப்பறை விளக்குகள் எரிகின்றன. வெளியே வானம் கன்றிப்போன தோலின் பச்சை நிறத்தில் கிடக்கிறது. ஆங்கில ஆசிரியை வோஸ் கரும்பலகையில் 'உவமை' என்று எழுதி அடிக்கோடு இடுகிறார். "மாதிரி, போலன்னு வந்தா உவமை. அதுவாவே சொல்லிட்டா உருவகம். எங்க, யாராவது ஒரு உவமை சொல்லுங்க." வேட் எழுகிறான். "வானம் நம்ம கேன்டீன் பட்டாணி சூப் மாதிரி இருக்கு மிஸ்." "அதக் குடிச்சும் நீ உயிரோடதானேடா இருக்க!" என்கிறார் வோஸ். வகுப்பே சிரிக்கிறது. ஜன்னலோரம் இருக்கும் கொரின் மட்டும் சிரிக்கவில்லை. கொடிமரத்துக் கயிறு அசையாமல் தொங்குகிறது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. "மிஸ், மேகம் கீழ இறங்குது," என்கிறாள்.

அப்போதே சூறாவளிச் சங்கு அலறுகிறது. எல்லோரும் நடைக்கூடத்துக்கு ஓடிச் சுவரைப் பார்த்து மண்டியிட்டு, பிடரியைக் கைகளால் மூடிக்கொள்கிறார்கள். சூறாவளி நெருங்கினால் ரயில் ஓடும் இரைச்சல் கேட்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொரின் கைப்பேசியைக் காதில் வைத்திருக்கிறாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்த அம்மா, ஊர்க்கோடியில் அவர்களுடைய சக்கரங்கள்மேல் நிற்கும் தகர வீட்டில் தூங்குகிறாள். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆசிரியை கைப்பேசியைப் பிடுங்கவில்லை. கொரினின் முதுகின்மேல் தன் உடம்பைக் கவிழ்த்துக்கொள்கிறார். கடைசியில் அம்மா எடுக்கிறாள்.

"அம்மா, எழுந்திரு! சர்ச் நிலவறைக்கு ஓடு!"

"ஏன்டி கத்துற?" தூக்கம் கலையாத குரல். "இங்க ஏதோ ரயில் வர்ற மாதிரி சத்தம் கேக்குது. நம்ம ஊர்ல ஏதுடி ரயிலு?"