ஏரி மேல் மஞ்சள்

அந்த நகரத்தின் மாஸ்டர் பிளானைச் சில வருஷத்துக்கு ஒரு முறை அழித்துத் திருத்துவார்கள். நீர்நிலைக்கு நீலப் பென்சில், வீடுகளுக்கு மஞ்சள்.

இந்தத் தடவையும் மஞ்சளுக்குத்தான் வேலை. தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

"உங்களுக்கென்னண்ணே, டப்பாவுல சும்மா படுத்திருக்கீங்க," என்றது நீலத்திடம்.

"முதல் பிளான்ல பெரிய ஏரியைத் தீட்டி முடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரமே தாண்டிடுச்சு. கரையோரம் மட்டும் அழுத்தித் தீட்டினாங்க. பார்க்கவே குளுகுளுன்னு இருக்கும்," என்றது நீலம்.

"அதைத்தான் ரப்பர் அழிச்சிருச்சே. இன்னைக்கு அந்த இடத்துல நான் வீடு போட்டேன். எவ்வளவு அழுத்தினாலும் அங்கே மட்டும் பச்சையாவே வருது. ஏண்ணே?"

நீலம் மெதுவாகச் சொன்னது: "நான் இன்னும் அடியிலதான் இருக்கேன்."