இசக்கிராஜின் வலது கை

பந்துவீசும் கையில் எச்சிலோ எண்ணெயோ தண்ணீரோ பட்டால் போதும், தொடர் முடியும்வரை கழற்றக் கூடாதென்று மணிக்கட்டில் மாட்டிய பட்டை கிரிக்கெட் வாரியத்துக்குப் போட்டுக்கொடுத்துவிடும். ஒரு வருஷம் தடை. சுழற்பந்துக்காரன் இசக்கிராஜுக்கோ பந்துவீசும் கை இடது. ஆகவே, கக்கூஸில் இடது கை பார்த்த வேலை வலது கைக்கு மாறியது.

“அந்தக் கையச் சோத்துல வச்சீங்கன்னா தெரியும் சேதி!” என்ற மனைவி முத்துசெல்வி, தானே ஊட்டிவிட ஆரம்பித்தாள்.

“பேப்பர்ல தொடச்சிட்டு வாயேன்டா,” என்றான் கேப்டன்.

“ச்சீ, கழுவாம வர்றதா?”

இறுதிப்போட்டியின் கடைசி விக்கெட்டை இசக்கிராஜ்தான் சாய்த்தான். கோப்பை கைக்கு வந்துவிட்டது. அரங்கமே எழுந்து கத்த, சகாக்கள் பத்துப் பேரும் பாய்ந்தோடி வந்தார்கள். அவன் பெருமையாக வலது கையை நீட்டினான்.

பத்துப் பேரும் அப்படியே நின்றார்கள். முதலில் கும்பிட்டவன் கேப்டன்தான்.