முனி குடிக்கும் கோப்பி

கல் வைத்து அடைத்த கால்வாய் வாயில் ரத்தினம்மா விளக்கேற்றி, பாலும் சீனியும் போடாத கோப்பியை வைத்தாள். இலை அசையாத பகலிலும் சுடர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. அது உள்ளே இருக்கும் முனியின் மூச்சு என்று பிடோக் கம்பத்துக் கிராமத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

முனிக்குச் சுருட்டும் சாராயமும்தானே படைப்பார்கள், இவள் ஏன் கோப்பி வைக்கிறாள் என்று மாட்டுக்கார சேதுபதிக்கு வெகுநாள் சந்தேகம். இன்று அதைக் கேட்க அவன் வரவில்லை. கடப்பாரையோடு வந்திருந்தான்.

மேட்டு ஊற்றிலிருந்து மண்ணுக்கடியில் வரும் செங்கல் கால்வாய் அது. ஜப்பான்காரன் வந்த வருஷம் அடைபட்டது. பிறகு தெருக்குழாய் வந்ததும் ஊர் அதை மறந்துவிட்டது. இந்த அறுபத்து மூன்றில் மழை ஏமாற்றிக் குழாயும் காய்ந்துபோக, சேதுபதியின் இரண்டு பசுக்கள் செத்துவிட்டன. மீதி ஏழும் போனால் பிழைப்பே போச்சு.

ரத்தினம்மா கல்லை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

"முனி நான் கட்டுன கதை தம்பி. உள்ளே இருக்கறது என் வீட்டுக்காரரு."

சேதுபதி கடப்பாரையைக் கீழே வைத்தான். வருஷா வருஷம் கால்வாயைத் தூர்வாரியவர் அவள் கணவர் வைரவன். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் வேலைக்குப் பிடிபட்டுப் போனார் என்றுதான் ஊரில் பேச்சு.

அவள் தலைகுனிந்தபடியே சொன்னாள். தூர்வாருவதற்காக ஊற்றில் பலகை போட்டுத் தண்ணீரை மேட்டின் மறுபக்க ஓடைக்குத் திருப்பியிருந்த சமயம், ஆள்பிடிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர் உள்ளே ஒளிந்தார். அவள் கல் வைத்து அடைத்தாள். சிப்பாய்கள் பத்து நாள் அங்கேயே கூடாரம் போட்டுவிட்டார்கள். அவர்கள் போனபின் தட்டிப் பார்த்தாள், பதில் இல்லை. கொன்றுவிட்டோமே என்ற பயத்தில் கல்லை எடுக்கவே இல்லை.

எலும்பை மரியாதையாகத் துணியில் எடுத்து வருகிறேன் என்று சேதுபதி சொன்ன பிறகுதான் விலகினாள். அவன் கல்லைப் பெயர்த்து, விளக்கோடு தவழ்ந்து போனான்.

திரும்பி வந்தபோது துணி மடித்தது மடித்தபடி இருந்தது. ஊற்றுப் பலகையை எடுத்தால் சாயங்காலமே தண்ணீர் வந்துவிடும் என்றான். பிறகு அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"எலும்பு ஒண்ணும் இல்லக்கா. நடுவுல தூர்வாருறவங்க ஏறுற துளை இருக்கு, மேல ஒரே புதரு. மூடியை உள்ளேருந்து உடைச்சிருக்கு, காத்து அது வழியாத்தான் வருது."

ரத்தினம்மா இருபத்தொரு வருஷமாகச் சாய்ந்த சுடரைப் பார்த்தாள். கோப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதை நீ குடி தம்பி. அவரு வேற யாரு வீட்டுலயோ குடிச்சிட்டிருப்பாரு லா."